எந்தக் குறை முதற்குறை?



பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், அல்லிநகரத்திலிருந்து வீரப்ப ஐயனார் கோவிலுக்குச் செல்லும் சாலையில் விடியற்காலையில் நடந்து வருவது என் வழக்கமாயிற்று. மேற்கே மலை, அம்மலையிடுக்குகளின் வழியே வீசும் காற்று, சாலையின் இருமருங்கிலும் மரங்கள். அந்நேரத்தில் அவ்வழியே இளைஞர் பலர் ஓட்டப்பயிற்சி செய்வதைக் காணலாம். காவல்துறைத் தேர்வுக்காக ஓடுவோர் சிலர். பந்தயத்துக்காக ஓடுவோர் சிலர். அவர்களுள் மூவர் என்னிடம் படித்தவர்கள். மூவர் கையிலும் விளையாட்டுக் கைக்கடிகாரம் உண்டு.

ஒரு நாள் ஓட்டம் முடிந்து மூவரும் என்னருகே வந்து அமர்ந்தனர். முதலாமவன் மிகுந்த சினத்துடன் இருந்தான். "சார், மலையடிவாரத்தில் 5 கிலோமீட்டர் ஓடினால் இது 5.4 என்று காட்டுகிறது. கம்பெனிக்குப் பதினொரு முறை எழுதிவிட்டேன், பதிலே இல்லை" என்றான். இரண்டாமவன், "என்னுடையதில் கண்ணாடிக்குள் நீராவி படிகிறது. 50 மீட்டர் என்று போட்டிருக்கிறார்களே, குளித்ததற்கே இப்படியா?" என்றான். மூன்றாமவள் ஒரு பெண். அவளுடைய தாயார் போடியில் ஏலக்காய் தரம்பிரிக்கும் கூடத்தில் வேலை செய்பவர். அப்பெண் ஒன்றும் பேசவில்லை. "உன் கடிகாரம் எப்படியம்மா?" என்று நானே கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு சார். மின்னேற்றும்போது கொஞ்சம் சுடும். கையில் கட்டியிருந்தாலும் சில நேரம் சூடாகும். இந்த இடம் சிவந்திருக்கு; அது ஒன்றுமில்லை" என்று மணிக்கட்டைக் காட்டிவிட்டு உடனே கையை மறைத்துக்கொண்டாள்.

இம்மூன்று குறைகளும் மூன்று கடிதங்களாக ஒரு கடிகார நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஒரே நாளில் வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். அங்கே மேசையருகே அமர்ந்திருப்பவர் நீங்கள். எதை முதலில் எடுப்பீர்கள்? பதினொரு முறை எழுதியவனுடையதையா? பலரும் கூறக்கூடிய நீராவிக் குறையையா? "ஒன்றுமில்லை" என்று எழுதியவளுடையதையா? இக்கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

விடை சொல்லுமுன், இக்கேள்விக்கு நானே ஒருமுறை தவறாக விடையளித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், அலுவலக வாயிலில் குறை நோட்டு ஒன்று கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மாணவர் எவரும் அதில் எழுதலாம். ஒரு வாரம் அந்நோட்டில் ஒன்பது மாணவர்கள், கால்பந்தில் காற்று நிற்பதில்லை என்று அடுத்தடுத்து எழுதியிருந்தார்கள். அவற்றினிடையே ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தண்ணீர் மோட்டாரின் இரும்புக் குழாயைத் தொட்டால் விரல் விறுவிறுக்கிறது என்று பென்சிலால் எழுதியிருந்தாள். ஒன்பது பேர் சொன்ன குறை பெருங்குறை, ஒருத்தி சொன்னது சிறுகுறை என்று நான் கணக்கிட்டேன். புதிய பந்து வாங்கச் சொன்னேன். மின்பணியாளரை அடுத்த வாரம் அழைக்கலாம் என்று எழுதிவைத்தேன். நான்காம் நாள் மழை பெய்தது. நனைந்த தரையில் வெறுங்காலுடன் நின்று அக்குழாயைத் தொட்ட சிறுவன் ஒருவன் தூக்கியெறியப்பட்டு நினைவிழந்து விழுந்தான். இறைவன் அருளால் பிழைத்துக்கொண்டான். ஆயினும் அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய அந்த வழியை நான் இன்றும் மறக்கவில்லை. நான் தலைகளை எண்ணினேன், குறையை எடைபோடவில்லை. எண்ணுவது வேறு, எடைபோடுவது வேறு என்பதை அன்று கற்றேன்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். நான் இளைஞனாக இருந்தபோது கைக்கடிகாரத்தின் குறைகள் மூன்றே: விரைந்து ஓடும், தாமதித்து ஓடும், நின்றுபோகும். 1961ஆம் ஆண்டில் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் பெங்களூரில் எச்.எம்.டி. தொழிற்சாலை தொடங்கிய பின்னர், சாவி கொடுக்கும் இந்தியக் கடிகாரங்கள் நாடெங்கும் பரவின. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம் ஓசூரில் தொழிற்சாலை அமைத்து, மின்கலத்தால் இயங்கும் குவார்ட்ஸ் கடிகாரங்களைப் பெருக்கியது. அக்காலத்தில் கடைவீதியில் கண்ணாடிப் பெட்டியின் பின்னே, ஒரு கண்ணில் உருப்பெருக்கி பொருத்தி அமர்ந்திருந்த கடிகாரப் பழுதுபார்ப்பவரே நமக்குக் குறை கேட்கும் அதிகாரி. குறை அவரோடு தொடங்கி அவரோடு முடிந்துவிடும். தொழிற்சாலைக்குத் தெரிவது அரிது.

இன்றைய விளையாட்டுக் கடிகாரமோ பெயரளவிலேதான் கடிகாரம். உண்மையில் அஃது ஒரு சிறு ஆய்வுக்கூடம். அதன் அடிப்புறத்தில் பச்சை விளக்கு ஒன்று ஒளிர்வதைக் கண்டிருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உட்கொள்ளும் இயல்புடையது. ஒவ்வொரு துடிப்பிலும் தோலின் கீழ் இரத்தத்தின் அளவு ஏறியிறங்குவதால், திரும்பி வரும் ஒளியும் ஏறியிறங்குகிறது. அதனை எண்ணி நாடித்துடிப்பைக் கூறுகிறது கடிகாரம். பட்டை தளர்ந்திருந்தால், கை ஆடும் ஆட்டத்தையே நாடி என்று மயங்கிவிடுவதும் உண்டு. ஓடுபவனுடைய காலடித் தாளத்தை இதயத் தாளமாகக் காட்டும் இத்தவறு ஓட்டக்காரர்கள் பலரும் கூறும் குறையாகும்.

அடுத்து, தொலைவை அளப்பது. புவியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் வானொலிக் குறிப்புகளைக் கடிகாரம் பெறுகிறது. குறிப்பு வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி 300 மீட்டர் சென்றுவிடும். எனவே நேரத்தில் அணுவளவு பிசகினாலும் இடத்தில் பெரும்பிசகு நேரும். திறந்த வெளியில் குறிப்பு நேராக வருகிறது. மலையடிவாரத்திலோ பாறையில் மோதித் திரும்பி, சுற்றுவழியாக வருகிறது. சுற்றி வந்ததைக் கடிகாரம் அறியாது. இடத்தைத் தவறாகக் குறிக்கிறது. அப்புள்ளிகளை இணைத்தால் நேர்ப்பாதை கோணல்மாணலாகி நீண்டுவிடுகிறது. நம் முதலாம் மாணவனுடைய 5 கிலோமீட்டர் 5.4 ஆனதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். கம்பம் பள்ளத்தாக்கைப் போன்ற மலைசூழ் நிலத்தில் இக்குறை எழுவது வியப்பன்று.

நீரைப் பற்றிய குறை இன்னொரு வகை. கடிகாரத்தின் முதுகில் 50 மீட்டர் என்று பொறித்திருந்தால், அதை அணிந்து 50 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கலாம் என்று பொருளன்று. அவ்வாழத்திலுள்ள அசைவற்ற நீரின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள் என்பதே பொருள். வெந்நீரும் சோப்பும் நாளடைவில் உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும். இங்கே பொருளின் பழுது எவ்வளவு, சொல்லின் பழுது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவேண்டியுள்ளது. வாங்குவோர் பலர் ஒரே சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால், அச்சொல்லை விளங்க எழுதாத நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு.

இறுதியாக மின்கலம். இக்காலக் கடிகாரங்களில் இருப்பது லித்தியம் வகை மின்கலம். அதனுள் நேர்முனைத் தகட்டையும் எதிர்முனைத் தகட்டையும் மெல்லிய திரை ஒன்று பிரித்து வைக்கிறது. அத்திரையில் பழுது நேர்ந்தால் இருமுனைகளும் தொட்டுக்கொள்ளும். உள்ளடங்கிய ஆற்றல் முழுதும் வெப்பமாக வெளிப்படும். சட்டைப்பையில் உள்ள பொருள் சுட்டால் எடுத்து எறியலாம்; மணிக்கட்டில் இறுகக் கட்டியிருப்பதை அவிழ்ப்பதற்குள் தோல் வெந்துவிடும்.

இத்தனை வகைக் குறைகளும் ஒரு நிறுவனத்துக்கு எவ்வெவ்வழியாக வந்துசேர்கின்றன? கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்போர் சிலர். சர்வீஸ் நிலையத்துக்குச் செல்வோர் சிலர். தொலைபேசியில் கூறுவோர் சிலர். கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ எழுதுவோர் சிலர். ஒரே பழுதை ஒருவர் "சுடுகிறது" என்பார். இன்னொருவர் "எரிகிறது" என்பார். வேறொருவர் "கையில் கொப்புளம்" என்பார். இம்மூன்றும் ஒரே நோயின் மூன்று பெயர்கள் என்று கண்டு ஒன்றுசேர்ப்பதே முதல் வேலை. நல்ல நிறுவனம் ஒவ்வொரு குறைக்கும் எண் கொடுத்து, நாளும் மாதிரியும் தயாரிப்புத் தொகுதியும் குறித்துவைக்கும். ஒரே தொகுதியில் செய்யப்பட்ட கடிகாரங்களிலிருந்தே குறைகள் வருமாயின், அத்தொகுதியில் பயன்படுத்திய உறுப்பில் பழுது உண்டு என்று ஊகிக்கலாம்.

அடுத்த வேலை சலித்தெடுப்பது. போடியில் ஏலக்காயைத் தரம்பிரிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். வந்த மூட்டையை வந்தபடியே விற்பதில்லை. துளையளவு வேறுபட்ட சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். பெரிய காய் மேலே நின்றுவிடும். சிறியது கீழே இறங்கும். எந்த மூட்டை முதலில் வந்தது என்பதைச் சல்லடை கேட்பதில்லை. குறைகளுக்கும் அத்தகைய சல்லடை வேண்டும். வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் முறைபற்றி அனைத்துலகத் தர அமைப்பு வெளியிட்டுள்ள ஐ.எஸ்.ஓ. 10002 என்னும் வழிகாட்டி ஏடு, ஒவ்வொரு குறையையும் பெற்றவுடன் சில அளவுகோல்களால் மதிப்பிடவேண்டும் என்கிறது. குறையின் கடுமை என்ன? உயிருக்கோ உடலுக்கோ தீங்கு உண்டா? சிக்கல் எத்தகையது? அதன் விளைவு எவ்வளவு பரந்தது? உடனே செய்யவேண்டியதும் செய்யக்கூடியதும் உண்டா? யார் உரக்கச் சொன்னார் என்பதோ, எத்தனை முறை எழுதினார் என்பதோ அவ்வளவுகோல்களில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பொறியாளர்கள் இதை எண்களாலும் அளப்பார்கள். பழுதுகளையும் அவற்றின் விளைவுகளையும் ஆராயும் முறையொன்றை 1949ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் நடைமுறை ஏடாக வெளியிட்டது. பின்னாளில் விண்வெளித் துறையிலும் மோட்டார்த் தொழிலிலும் அது பரவியது. இம்முறையில் ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று மதிப்பெண்கள் இடுவர். பழுதின் கடுமைக்கு ஒன்றுமுதல் பத்துவரை ஓர் எண். அஃது எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்பதற்கு ஓர் எண். பொருள் தொழிற்சாலையை விட்டுப் போகுமுன் பழுதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் எண். மூன்றையும் பெருக்கினால் வருவதே அப்பழுதின் முதன்மை எண். உச்ச அளவு 1,000.

நம் மூன்று குறைகளுக்கும் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நானே இட்டவை. தொலைவுப் பிழையின் கடுமை 4. அடிக்கடி நேர்வது 6. கண்டுபிடிக்கும் அருமை 5. பெருக்கினால் 120. நீராவியின் கடுமை 5, நேர்வது 4, அருமை 3. பெருக்கினால் 60. மின்கலச் சூட்டின் கடுமை 10, ஆயின் மிக அரிதாகவே நேர்வதால் 1, அருமை 9. பெருக்கினால் 90. என்ன ஆயிற்று? தொலைவுப் பிழை முதலிடம் பெற்றுவிட்டது. தோலைச் சுட்டெரிக்கக்கூடிய குறை இரண்டாமிடத்துக்கு இறங்கிவிட்டது! கணக்கு சரி, விடை தவறு. கால்பந்தை முந்தவிட்ட என் குறை நோட்டின் தவறே இங்கும் நேர்ந்திருக்கிறது.

அறிஞர்கள் இக்குறைபாட்டை அறியாதவர்கள் அல்லர். எனவே, கடுமை ஒன்பது அல்லது பத்து என்றால், பெருக்குத்தொகை எவ்வளவு சிறிதாயினும் அதை முதலில் கவனிக்கவேண்டும் என்ற விதி நெடுங்காலமாக உண்டு. 2019ஆம் ஆண்டில் அமெரிக்க, ஜெர்மானிய மோட்டார்த் தொழில் அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட கையேட்டில், இப்பெருக்குத்தொகை முறையையே கைவிட்டு, கடுமைக்கு முதலிடம் தரும் புதிய பட்டியல் முறையை மேற்கொண்டார்கள். உடலுக்குத் தீங்கு என்பது மற்றக் குறைகளோடு பெருக்கிக் கழிக்கத்தக்க எண் அன்று என்பதே இதன் கருத்து.

இது வெறும் ஏட்டுச் செய்தியா, நடப்பிலும் உண்டா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கடிகாரங்களும் பட்டைகளும் செய்த ஃபிட்பிட் நிறுவனத்தின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளைப் பாருங்கள்.

2013ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் ஃபோர்ஸ் என்னும் கைப்பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில வாரங்களிலேயே அணிந்தவர்களின் மணிக்கட்டில் அரிப்பும் சிவப்பும் தோன்றின. பயன்படுத்துவோரில் 1.7 விழுக்காட்டினரே குறை கூறியதாக நிறுவனம் கூறியது. ஆயினும் குறைகள் நிற்கவில்லை. 2014 பிப்ரவரியில் விற்பனையை நிறுத்திப் பொருளைத் திரும்பப் பெற முன்வந்தது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மார்ச் மாதம் வெளியிட்ட அறிவிப்பின்படி, அந்நாட்டில் விற்ற ஏறத்தாழ 10 லட்சம் பட்டைகளில் தோல் எரிச்சல்பற்றி வந்த குறைகள் சுமார் 9,900. கொப்புளம்பற்றி வந்தவை சுமார் 250. நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில் வந்த குறை. உயிருக்குக் கேடில்லாத குறை. ஆயினும் உடலைத் தொட்ட குறை என்பதால் பொருளே கடையைவிட்டு நீங்கியது.

இரண்டாவது நிகழ்ச்சி ஐயானிக் என்னும் கடிகாரத்தைப் பற்றியது. 2017இல் வெளிவந்தது, 2020இல் அதன் உற்பத்தி நின்றது. 2022 மார்ச் மாதம் அது திரும்ப அழைக்கப்பட்டது. அமெரிக்காவில் விற்றவை ஏறத்தாழ 10 லட்சம். மின்கலம் மிகைச்சூடு அடைந்ததாக வந்த குறைகள் 115. தீக்காயம் பட்டதாகக் கூறியவர்கள் 78 பேர். அவர்களுள் இருவருக்கு மூன்றாம் நிலைத் தீக்காயம். 78 பேர் என்றால் ஏறத்தாழ 13 ஆயிரம் கடிகாரங்களுக்கு ஒருவர். ஃபோர்ஸ் பட்டையைப்பற்றி வந்த 9,900 குறைகளோடு இந்த 115ஐ வைத்து எண்ணிப் பாருங்கள். தூசி போல் தோன்றும். எடைபோட்டுப் பாருங்கள்; தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று தெரியும்.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்கவேண்டிய பாடம் இன்னும் ஒன்று உண்டு. 2018க்கும் 2020க்கும் இடையே தீக்காயக் குறைகள் பல நிறுவனத்துக்கு வந்தன என்றும், 2020இன் தொடக்கத்தில் சூட்டைக் குறைப்பதற்காக மென்பொருளில் அது ஒரு மாற்றம் செய்தது என்றும், அதன்பின்னும் குறைகள் வந்தன என்றும், இவற்றை உடனே தனக்குத் தெரிவிக்கவில்லை என்றும் மேற்சொன்ன ஆணையம் குற்றஞ்சாட்டியது. பொருளால் பெருந்தீங்கு நேரக்கூடும் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கவேண்டும் என்பது அந்நாட்டு விதி. முடிவில் 2025 ஜனவரியில், 1 கோடியே 22 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தண்டத்தொகை செலுத்த நிறுவனம் உடன்பட்டது. குறையை முதலில் எடுத்தால் மட்டும் போதாது. அதை அணிந்திருக்கும் மற்றவர்களுக்குச் சொல்லவும் வேண்டும். கள்ளத்தனமாக ஓட்டையை அடைத்துவிட்டுப் படகில் இருப்பவர்களிடம் சொல்லாதிருப்பது படகோட்டிக்கு அழகன்று.

நிறுவனங்கள் எல்லாம் எப்போதும் நீதித்தராசு ஏந்தியே குறை கேட்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். திருத்த ஆகும் செலவைப் பார்ப்பதுண்டு. புகழ்பெற்ற வீரர் ஒருவர் குறை கூறினால் அன்றே கவனிப்பதும், பெயரறியாத ஊரிலிருந்து வந்த கடிதம் அடியில் கிடப்பதும் உண்டு. இவற்றினும் பெருங்கேடு ஒன்று உள்ளது. பெரும்பாலோர் குறையே கூறுவதில்லை. கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு வாளாவிருந்துவிடுகிறார்கள். வந்த கடிதங்களை மட்டும் எண்ணும் நிறுவனம், வராத கடிதங்களை மறந்துவிடுகிறது. ஆதலால்தான் தேர்ந்த நிறுவனம், தீங்குபற்றி ஒரு கடிதம் வந்தால், எழுதாதவர் பலர் பின்னே நிற்கிறார்கள் என்று எண்ணி ஆராயும்.

வலிமையற்றவரின் குறையும் அரசன் செவிக்கு எட்டவேண்டும் என்றுதான் மனுநீதிச் சோழன் திருவாரூரில் அரண்மனை வாயிலில் மணி கட்டினான் என்பது நம் நாட்டுக் கதை. பேச வாயில்லாத பசுவும் அம்மணியை அசைக்க முடிந்தது. இன்று நமக்கு அம்மணியாக இருப்பது சட்டம். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பழுதுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், செய்தவரும் விற்றவரும் பொறுப்பேற்கவேண்டும் என்று அது விதிக்கிறது. வாங்குபவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கிடலாம். அச்சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, தீங்கு தரும் பொருளைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடும் அதிகாரமும் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மணி இருக்கிறது, கயிற்றை இழுப்பது நம் வேலை.

அதை இழுக்கவும் ஒரு முறை உண்டு. "உங்கள் கடிகாரம் உதவாக்கரை" என்று எழுதினால், சலிப்பவர் அதை எந்தச் சல்லடையில் இடுவார்? கோபத்துக்கு எடை கிடையாது. செய்திக்கே எடை உண்டு. மாதிரியின் பெயர், வரிசை எண், வாங்கிய நாள், குறை தோன்றிய நாள், எத்தனை முறை நேர்ந்தது, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பவற்றை எழுதுங்கள். உடலுக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். ரசீதின் படியும் ஒளிப்படமும் இணையுங்கள். எழுதிய கடிதத்தின் படியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இம்முறையில்தான் அன்று அப்பெண்ணை எழுதச் சொன்னேன். அவள் தயங்கினாள். "கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன செய்வேன் சார்? தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரந்தான். அம்மா கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிக்கொடுத்தது" என்றாள். அப்போதுதான் அவள் கையை மறைத்துக்கொண்டதன் காரணம் எனக்கு விளங்கிற்று. குறை சிறிதாகையால் அவள் மெல்லச் சொல்லவில்லை. இழப்பதற்கு அஞ்சியே மெல்லச் சொன்னாள். "கடிகாரம் போனால் இன்னொன்று வாங்கலாம், அம்மா. அதே கடிகாரத்தைக் கட்டியிருக்கும் முகமறியாத பெண் ஒருத்திக்காகவும் நீ எழுதவேண்டும்" என்றேன். அங்கேயே அதைக் கழற்றச் செய்தேன். முதலாம் மாணவன் தன் சினத்தை மறந்து, அவளுக்காகக் கைப்பேசியில் கடிதத்தைத் தட்டெழுதிக் கொடுத்தான். முதல் வரி: "மணிக்கட்டில் காயம் உண்டாகியிருக்கிறது."

மறுநாள் மாலைக்குள் விடை வந்தது. அணிவதையும் மின்னேற்றுவதையும் உடனே நிறுத்தும்படியும், ஆராய்ச்சிக்காகக் கடிகாரத்தைத் தங்கள் செலவிலேயே அனுப்பிவைக்கும்படியும் அந்நிறுவனத்தார் கேட்டிருந்தனர். புதிய கடிகாரம் வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. இடைப்பட்ட நாட்களில், என் பழைய எச்.எம்.டி. கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரத்தில் நின்று நானே அவளுக்கு நேரம் குறித்தேன். அது நாடியும் சொல்லாது, தொலைவும் சொல்லாது. நொடி முள்ளை மட்டும் பிசகாமல் நகர்த்தும். அவளுக்கு அது போதுமானதாயிருந்தது. முதலாம் மாணவனும் இம்முறைப்படி மீண்டும் எழுதினான். இரண்டு மாதம் சென்று, மென்பொருளைத் திருத்தியிருப்பதாக அவனுக்கு விடை வந்தது. தன் குறை பின்னால் எடுக்கப்பட்டதைப்பற்றி அவன் இம்முறை முறையிடவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை தொழிற்சாலையிலோ, அலுவலகத்திலோ, பள்ளியிலோ குறை கேட்கும் நாற்காலியில் அமர்வீர்கள். அன்று உங்கள் மேசைமீது கடிதங்கள் குவியும். உரக்க எழுதிய கடிதங்கள் தாமே மேலே வந்து நிற்கும். அவற்றைச் சற்றே ஒதுக்கிவிட்டு, அடியில் பென்சிலால் எழுதிய ஒரு வரி கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதைத் தேடாமல் விட்ட ஒருவனின் அனுபவமே இப்பேச்சு.